அடுப்பை அணைத்தால் அலுப்புத் தீருமா?

வேலை செய்து செய்து ஓய்ந்துபோன ஒருவர் தம் குறையை நண்பரிடம் எடுத்துரைத்தால், நண்பர் முதலிற் கேட்பது, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதாகவே இக்காலத்தில் இருக்கிறது. "எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பவர் அரியர். முதற் கேள்விக்கு விடை சொல்லி முடிவதற்குள் அறிவுரை வந்துவிடும். சோற்றை விடுக, அடுப்பை அணைக்க, முளைகட்டிய பயறும் பழமும் தேங்காயும் கீரையும் பச்சையாகவே உண்க, அவித்தது செத்த உணவு, அவியாதது உயிருள்ள உணவு, உயிருள்ளதை உண்டால் உடம்பில் உயிர் ஊறும். இந்த அறிவுரையை வழங்கியவர்களுள் நானும் ஒருவன். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அலுப்பு என்ற சொல்லை இங்கே ஒரு நாள் உழைப்பின் களைப்புக்கு நான் வழங்கவில்லை. அந்தக் களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் தீர்ந்துவிடும். நான் கருதுவது உறங்கி எழுந்தும் தீராத ஒன்றை. காலையில் பாடசாலை மணியோசை கேட்டதும் நெஞ்சு கனக்கும். நேற்று வரை அருமையாயிருந்த பிள்ளைகள் இன்று சுமையாய்த் தோன்றுவர். எதைக் கற்பித்து யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்கும். இந்த நிலைக்கு ஆங்கிலத்தார் எரிந்து தீர்ந்த விளக்கை ஒப்பிட்டுப் பெயர் வைத்தனர். பிரொய்டன்பேர்கர் என்ற உளவியலறிஞர் நியூயோர்க் நகரத்து இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டு செய்தோரிடம் இந்நிலையைக் கண்டு 1974ஆம் ஆண்டில் எழுதினார். அவரும் அங்கே இரவிரவாக உழைத்து ஓய்ந்துபோனவர்களுள் ஒருவரே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு வரையறை கூறியபோது, இதனை நோயென்று கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத வேலைப்பளுவால் விளையும் நிலை என்றே குறித்தது. வேலையால் வருவது என்பது தெளிவு. அப்படியிருக்க, மருந்தை மட்டும் நாம் சமையற்கட்டில் தேடுகிறோம். தீயின் பெயரால் அழைக்கப்படும் குறைக்குத் தீயில்லாத உணவு பரிகாரமென்று எண்ணுவதில் ஒரு சொற்பொருத்தம் இருக்கிறது. பொருட்பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், மன்னாரில் ஒரு பாடசாலையில் நான் கற்பித்த காலத்தில், தவணை முடிவில் என் நிலை மேற்சொன்னவாறே இருந்தது. விடுமுறை தொடங்கியதும் பச்சை உணவைக் கைக்கொண்டேன். காலையில் பப்பாசிப்பழம், நண்பகலில் முளைகட்டிய பயறும் தேங்காய்ப்பூவும் வெள்ளரிக்காயும் அரிந்த வல்லாரையும், மாலையில் இளநீர், இரவில் வாழைப்பழம். முதல் வாரம் தலையிடியும் எரிச்சலுமாகக் கழிந்தது. பின்னர் உடம்பு இலேசாயிற்று. நாலாம் வாரத்தில் புதுக்கன்று போலத் திரிந்தேன். பாடசாலை தொடங்கியபோது, ஆசிரியர் ஓய்வறையில் என் பிரசங்கமும் தொடங்கிற்று. நகர வீதிகளில் யார்க்கும் அஞ்சாமல் உலவும் நமது மன்னார்க் கழுதைகளைக் காட்டி, "பச்சை உணவின் வலிமையைப் பாருங்கள்!" என்றுகூடச் சொன்னேன். நண்பர்கள் சிரித்தனர். அக்கழுதைகள் கடைவீதியிற் காகிதத்தையும் தின்கின்றன என்பதை ஒருவர் நினைவூட்டினார்.

ஒருவர் மாத்திரம் சிரிக்கவில்லை. பெருநிலப்பரப்பிலுள்ள ஊரொன்றிலிருந்து நாள்தோறும் இரண்டு பஸ் ஏறித் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வரும் இளம் ஆசிரியை அவர். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார். திரும்பியபின் அயற்பிள்ளைகளுக்கு வகுப்பு. அதன்பின் கொப்பித் திருத்தம். பாடசாலையிலோ, வர வேண்டிய ஆசிரியர் ஒருவர் வராமையால் அவருடைய பாடங்களும் இவர் தலையிலேயே விழுந்திருந்தன. நான் சொன்னவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டார். "சேர், உண்மையாகவே உடம்பு தெளியுமா?" என்று கேட்டார். ஐயமே வேண்டாம் என்றேன்.

மூன்று மாதம் கடந்தது. அவர் மெலிந்தார், மெலிவை நான் பாராட்டினேன். வகுப்பில் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், சிறு பிழைக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளத் தொடங்கினார். முடி கொட்டியது. ஒருநாள் கரும்பலகையின் முன்னே தலைசுற்றி அமர்ந்துவிட்டார். இரத்தம் நீர்த்துவிட்டதென்றும் இரும்புச்சத்துக் குறைந்துவிட்டதென்றும் வைத்தியர் கூறினார். பார்க்கச் சென்ற என்னை அவருடைய தாயார் வாசலிலேயே கண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "சுடுசோறு தின்றால் பாவமோ, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை.

வீடு திரும்பும் வழியிலேதான் ஒரு சிறிய உண்மை எனக்குப் புலப்பட்டது. என் பச்சை உணவு பலித்தது விடுமுறையில். அந்த ஒரு மாதமும் நான் பகலில் உறங்கினேன். காலையிலும் மாலையிலும் கடற்கரையில் நடந்தேன். ஒரு விடைத்தாளையும் தொடவில்லை. என் களைப்பைத் தீர்த்தது விடுமுறை. புகழைப் பெற்றுக்கொண்டது வல்லாரை. அந்தப் பெண்ணுக்கு வல்லாரையைக் கொடுத்தேன். விடுமுறையைக் கொடுக்க என்னால் இயலவில்லை. பாரம் இழுக்கும் மாட்டிற்குப் பாரத்தைக் குறைக்காமல் தீனியைக் குறைத்தவன் கதையாயிற்று.

இவ்விடத்தில் காந்தியடிகளின் வாழ்க்கையை நினைக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்களுள் பச்சை உணவைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரை முன்னிறுத்துவது வழக்கம். அவர் அதனைக் கைவிட்ட கதையைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அவர் இரண்டு முறை முயன்றார். முதன்முறை 1893இல், தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், வழக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்த இளைஞராக இருந்தபோது. பச்சைக் கோதுமையும் உலர்ந்த திராட்சையும் கொட்டைகளுமாக ஏறத்தாழப் பத்து நாள் ஓடிற்று. பசியும் தளர்ச்சியும் மிகவே நிறுத்திக்கொண்டார். அந்த நாட்களின் குறிப்பை மறைக்காமல் இலண்டன் மரக்கறியுணவாளர் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார். 1894இல் அது வெளிவந்தது. இரண்டாம் முறை 1929இல். ஆந்திரப் பயணத்தின்போது இராஜமுந்திரியில் இயற்கை வைத்தியம் செய்துவந்த சுந்தரம் கோபாலராவ் என்பவரின் தூண்டுதலால் மே மாதத்தில் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, வாதுமைப்பருப்பு விழுது, இடித்த கீரை, எலுமிச்சம்பழம், தேன் என அளவு வகுத்துக்கொண்டு, ஆசிரமத்தவர் பலரையும் சேர்த்துக்கொண்டு, "யங் இந்தியா" பத்திரிகையில் அதைப்பற்றி விரிவாகவும் எழுதினார். ஆகஸ்டு மாதத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைக் கிடத்திவிட்டது. சோதனையை நிறுத்தி ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். திரும்பியதையும் அதே பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். தொடங்கியதை ஊரறியச் சொல்பவர் பலர் உண்டு. விட்டதையும் ஊரறியச் சொன்ன நேர்மையைத்தான் நாம் அவரிடம் கற்றிருக்க வேண்டும்.

இவ்விரண்டு சோதனைகளைக் காட்டிலும் எனக்கு முக்கியமாய்ப் படுவது இடையில் நிகழ்ந்த ஒன்று. 1927ஆம் ஆண்டு மார்ச்சில், கதர் நிதிக்காக ஊர் ஊராக ஓய்வின்றி அலைந்துகொண்டிருந்த காந்தியடிகள் கோலாப்பூரில் சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 57. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மிதமிஞ்சிய வேலையே காரணமென்று வைத்தியர்கள் கண்டனர். உணவில் அவரைப்போலக் கட்டுப்பாடு உடையவர் அந்நாளில் யார் இருந்தார்? அக்கட்டுப்பாடு அவரைக் காக்கவில்லை. எழுப்பி நிறுத்தியது வேறொன்று. பயணத் திட்டங்கள் நிறுத்தப்பட்டன. பங்களூருக்கு வடக்கேயுள்ள நந்திமலையில் ஏப்ரல் முதல் அவரை இருத்தினர். பின்னர் பங்களூரில் ஆகஸ்டு வரை தங்கினார். அப்படித் தேறிய உடம்போடுதான் தமிழ்நாட்டைச் சுற்றி, அவ்வாண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று கூட்டங்களிற் பேசினார். மாதக்கணக்கான ஓய்வே அந்தப் பயணத்தைத் தந்தது.

தமிழகத்தில் மேற்குமலை அடிவாரத்துச் சிவசைலத்தில் இராமகிருஷ்ணன் அவர்கள் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமத்துக்குப் போய்த் தேங்காயும் பழமும் உண்டு தெளிந்து வந்தோர் உண்டு. நான் அதனை மறுக்கவில்லை. மலையடிவாரத்தில், மணியோசையும் மேலதிகாரியும் இல்லாத இடத்தில், நேரத்துக்கு உறங்கி எழுவோர் தெளிவதில் வியப்பென்ன? தேங்காயின் பங்கு எவ்வளவு, அமைதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே புகழ வேண்டும் என்கிறேன்.

விஞ்ஞானிகளின் சான்றையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஜேர்மனி தேசத்துக் கீசன் நகர ஆராய்ச்சியாளர், நெடுங்காலம் பச்சை உணவே உண்டுவந்த 500 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1999இல் எழுதினர். உடல் நிறை பெரிதும் குறைந்திருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 30 பேரளவில் மாதவிடாய் ஓரளவோ முற்றாகவோ நின்றுபோயிருந்தது. இத்தகையோரைப் பற்றி 2005இல் வந்த மற்றோர் ஆய்வு, நூற்றுக்கு 38 பேருக்கு பீ12 உயிர்ச்சத்துப் போதாமலிருந்ததாகக் கண்டது. அச்சத்துக் குறைந்தால் முதலில் வருவனவற்றுள் ஒன்று களைப்பு. களைப்புத் தீர எடுத்த மருந்து களைப்பையே தந்தால், மருந்துண்பவர் என்ன எண்ணுவார்? "நான் சரியாக உண்ணவில்லை, இன்னும் கடுமையாக உண்ண வேண்டும்" என்றே எண்ணுவார். அந்த ஆசிரியையும் அப்படியே எண்ணினார். இறுதியில், தேங்காயைக்கூடக் கொழுப்பென்று விலக்கியிருந்தார்.

நமது கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் ஜேர்மனி வரை போக வேண்டியதில்லை. பனையே போதும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அது மென்று தின்பதற்குரியது. அவியாமற் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அது இடிபட்டு மாவாகி, கூழுக்கும் பிட்டுக்கும் போகும். அந்த மாவைப் பச்சையாக அள்ளி உண்ணும்படி எந்தக் கிழவியும் நமக்குச் சொன்னதில்லை. பிட்டுக்கென்றால் நீரில் ஊறவைத்து, கயர் போக வடித்து, பிறகே ஆவியில் வைப்பார்கள். கூழென்றால் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்த நீரிற் கரைத்துக் கொதிக்க விடுவார்கள். 1970களில் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் ஒடியல் மாவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது அவற்றின் ஈரல் கெட்டது. மாவைச் சூடாக்கினால் நச்சுத்தன்மை தணிவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மரவள்ளிக் கிழங்கும் அத்தகையதே; அதிலுள்ள சயனைட்டு நஞ்சு போகவேண்டுமென்பதற்காகவே மூடாத பாத்திரத்தில் அவிக்கும் வழக்கம் நம்மிடம் நிலைத்தது. சமையலென்பது நாவின் சபலத்துக்காக மனிதன் கண்டுபிடித்த சூழ்ச்சி என்று பச்சை உணவாளர் பேசும்போது, ஒடியல் மாவோடு நெடுங்காலம் பழகிய கிழவியின் கையை அவர்கள் பார்த்ததில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். இந்த மண் பச்சையாக உண்பதற்கும் தருகிறது. நுங்கு தருகிறது, இளநீர் தருகிறது, சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பணி தருகிறது. விடியற்காலையில் பனையடியில் நின்று குடித்த கருப்பணியின் இனிமையை எந்தச் சமையலும் தந்துவிடாது. வெயிற் காலத்தில் ஒருவேளைச் சோற்றுக்குப் பதில் நுங்கும் பழமும் உண்பவரை நான் தடுக்கமாட்டேன், நானும் உண்கிறேன். வல்லாரைச் சம்பல் இல்லாத பகற்சோறு இன்றும் எனக்குக் குறையாகவே தோன்றுகிறது. சோற்றோடு பச்சையையும் உண்பது வேறு. பச்சையையே சமயமாக்கிக்கொள்வது வேறு.

அப்படிச் சமயமாக்குவதற்கு இத்தீவில் ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உவர்மண்ணில் பனை செழிக்கும், பழத்தோட்டம் செழிக்காது. வாழைக்குலையும் பப்பாசியும் காய்கறியும் பெரும்பாலும் தாம்போதி வழியே லொறியில் வருவன. ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் நாளொன்றுக்கு எத்தனை பழம் வாங்கலாம்? 2021ஆம் ஆண்டில் நாடெங்குமுள்ள ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றது எவர்க்கும் மறந்திராது. மேலும், பச்சை உணவுக்குச் சமையல் வேலை இல்லை என்பதும் பொய். ஊறவைத்தல், முளைகட்டல், கழுவல், துருவல், அரிதல் எல்லாம் யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். வீட்டில் ஏனையோருக்கு உலை வைத்தும் ஆகவேண்டும். என் விடுமுறைப் பச்சை உணவுக்குத் தேங்காய் துருவியவர் என் மனைவி. பிரசங்கத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இன்னொன்று. அடுப்பை அணைப்பது தவமாகத் தோன்றுவது அடுப்பு எரியும் வீட்டாருக்கே. 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றனர். அரிசி விலையும் பால்மா விலையும் கைக்கெட்டாமற் போயின. அவ்வாண்டு மார்ச்சில் குழந்தைகளுடன் சிலர் மன்னார்க் கடலைக் கடந்து தனுஷ்கோடிக் கரையில் இறங்கினர். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பிற் பூனை உறங்கிற்று. அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்வியின் பின்னே, போரிலும் இடப்பெயர்விலும் கண்ட பட்டினி முழுவதும் நின்றதை நான் பிந்தியே உணர்ந்தேன். அவருக்குச் சுடுசோறென்பது, வீடு வீடாக இருக்கிறது என்பதற்குச் சான்று. நான் அதனைச் செத்த உணவு என்றேன்.

உணவை ஒறுத்தல் நம் ஊருக்குப் புதிதன்று. மன்னாரில் மூன்று சமயத்தாரும் அதனை அறிவர். கத்தோலிக்கருக்குத் தவக்காலம் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு றமழான் இருக்கிறது. சைவருக்குக் கந்தசஷ்டி இருக்கிறது. மூன்றுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு, கூட நோற்பவர் உண்டு, நோன்பு துறக்கும் மாலையில் அயல்வீட்டுக்கும் போகும் சூடான கஞ்சி உண்டு, பாறணை உண்டு. நோயாளருக்கும் பயணிக்கும் விலக்கும் உண்டு. நாம் இன்று கைத்தொலைபேசியிற் கண்டு பின்பற்றும் நோன்புக்கு இவற்றுள் எதுவுமில்லை. தனியாகத் தொடங்கி, தனியாகத் தவறி, தனியாகத் தன்னையே நொந்துகொள்கிறோம். பாடசாலையில் முடிக்காத வேலைப் பட்டியல் ஒன்று; வீட்டிலே உண்ணாத உணவுப் பட்டியல் ஒன்று. ஓய்ந்துபோனவருக்கு இரண்டாவது பட்டியலையும் கையிற் கொடுப்பது உதவியாகாது.

அந்த ஆசிரியைக்குப் பின்னர் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் கொடுத்த குளிகையும் தாயாரின் மீன்குழம்பும் இரத்தத்தைத் தேற்றின. களைப்பு உடனே போய்விடவில்லை. அதிபரிடம் மூவர் சென்று பேசினோம். அவர் தலையில் விழுந்த மேலதிக பாடங்களை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். எனக்கு வாரத்தில் நான்கு பாடம் கூடிற்று. தீவுக்குள்ளேயே ஓர் அறை பார்த்துக் கொடுத்தோம். கிழமை நாட்களில் அங்கே தங்கலானார். வீட்டு வகுப்பை நிறுத்தியதால் வருமானம் குறைந்தது. அந்தக் குறையை எங்களால் ஈடுசெய்ய இயலவில்லை. வர வேண்டிய ஆசிரியர் ஒன்றரை வருடம் கழித்தே வந்தார். இவற்றைச் செய்ய முன்னரே இயன்றிருக்கும். அப்போது நான் பயறு முளைகட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை, அவர்கள் வீட்டிற் கூழ் காய்ச்சுகிறார்களென்று எங்களை அழைத்தார்கள். முற்றத்துப் பனையடியில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. தாயார் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். சோளகக் காற்றுப் புகையை எங்கள் முகத்திலடித்தது. அந்த ஆசிரியை பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி என்னிடம் நீட்டினார், நீட்டிவிட்டு, "சேர், இது நன்றாக வெந்த கூழ். பரவாயில்லையா?" என்று கேட்டார்.